மூன்றாவது மாடியில் நிற்கிறவன்

(பிரிக்பீல்ட்ஸ் வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். என்னை அறிமுகப்படுத்திய தலைவர், "பயண அனுபவம் மிக்கவர்" என்று ஒரு போடு போட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் விமானம் ஏறியது மூன்றே தடவை. ஆனால் பதினேழு வருடமாக வாரத்தில் ஐந்து நாள் கே.எல்.ஐ.ஏ.வில், அதாவது கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் நிற்கிறேன். வருகிற பயணியின் பெயரை அட்டையில் பிடித்துக்கொண்டு நிற்பானே ஒரு காடிக்காரன், கார் டிரைவர், அவன்தான் நான். என் வேலையில் பாதி ஓட்டுவது, பாதி காத்திருப்பது. அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

காத்திருப்பது எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். பலகையில் விமானம் இறங்கிவிட்டது என்று வந்தாலே புதிதாக வந்த டிரைவர் பரபரப்பாகி அட்டையைத் தூக்கிவிடுவான். பழையவன் போய் ஒரு தே தாரிக், நம்ம இழுத்த டீ, குடித்துவிட்டு வருவான். பல விமானங்கள் முதன்மைக் கட்டடத்தை விட்டுத் தள்ளியிருக்கிற சாட்டிலைட் கட்டடத்தில் போய் நிற்கும். அங்கிருந்து ரயில், பிறகு குடிநுழைவு, பிறகு பெட்டி. 2023 மார்ச்சில் அந்த ரயில் நின்றுபோய் 2025 ஜூலையில்தான் திரும்ப ஓடியது. இடையில் எல்லாம் பஸ்தான். பயணிகள் புலம்பினார்கள். எனக்கோ பார்ப்பதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் கூடியது.

அந்த சாட்டிலைட்டின் நடுவில் ஒரு துண்டு காட்டையே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 1998-ல் திறந்த அந்த நிலையத்தை வடிவமைத்த ஜப்பானியர் கிஷோ குரோகாவா, காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்று நினைத்தாராம். தினமும் அங்கேயே கிடக்கிற நான் அந்தக் காட்டைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. டிக்கெட் இல்லாதவனுக்கு வெளியே இருக்கிற செம்பனைதான் காடு.

பழைய விமான நிலையம் சுபாங்கில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு விமானம் பார்க்கப் போவோம். இப்போதும் பொழுது போக்க வருகிறவர்கள் நேராக ஐந்தாவது மாடிக்குப் புறப்பாட்டைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே வேடிக்கைக்குக் குறைவில்லை. திருச்சிக்குப் போகிற ஓர் அக்கா தரையில் பெட்டியைத் திறந்துபோட்டு, இரண்டு கிலோ கூடிப்போச்சென்று மைலோ பாக்கெட்டை வெளியே எடுப்பார், கோடாலித் தைலத்தை மட்டும் விடமாட்டார். மக்காவுக்கு உம்ரா போகிற ஒரு மலாய்ப் பாட்டியை வழியனுப்ப ஒரு கம்பமே, ஊரே வந்து நிற்கும். ஆனால் என்னைக் கேட்டால், புறப்பாட்டில் எல்லாரும் முகத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வருகிறார்கள். அழுவதற்குக்கூட ஆயத்தமாகத்தான் வருகிறார்கள்.

வருகைப் பகுதி இருக்கிற மூன்றாவது மாடிக்கு வாருங்கள். கதவு திறக்கும். வெளியே வருகிறவர் தனக்கு வேண்டிய முகத்தைத் தேடும் மூன்று நான்கு விநாடி இருக்கிறதே, அப்போது தன்னை யாராவது பார்க்கிறார்கள் என்ற நினைப்பே அவருக்கு இருக்காது. நான் முகத்தைவிட டிராலியைப் பார்ப்பேன். காத்திருக்க ஆள் உள்ளவர், அவர்களைக் கண்டதும் டிராலியை நடுவழியில் அப்படியே விட்டுவிடுவார். பின்னால் வருகிறவர் முட்டிக்கொள்வார், திட்டுவார், இவர் காதில் விழாது. ஆள் இல்லாதவர் டிராலியை ஒழுங்காக ஓரங்கட்டி, கைப்பேசியை எடுப்பார். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. தன்னை அழைக்க யாரும் வரவில்லை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் நடையைக் கொஞ்சம் குறைத்து, நாங்கள் பிடித்திருக்கிற அட்டை ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டே போவார். அவர்களுக்காக நான் அட்டையைச் சற்று உயர்த்திப் பிடிப்பேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

வேலைக்கு வருகிற பையன்கள் இருபது, இருபத்தைந்து பேர் ஒரே நிற பிளாஸ்டிக் ஃபைலோடு வருவார்கள். ஏஜெண்டின் ஆள் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவான். ஒருநாள், எண்ணி முடித்த கையோடு எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன் பையில் போட்டான். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அதிகாரமில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். அட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். வேடிக்கை பார்ப்பதைப் பெருமையாகப் பேச வந்த இடத்தில் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர். இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. கரையில் கங்காணி ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். தாளில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத் தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்றவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்ததாகச் சொல்வார்.

அதனால்தானோ என்னவோ, போன வருடம் ஒரு வேலை வந்தபோது மறுக்கவில்லை. கிள்ளானில் வேலை பார்க்கிற மகன், ஷிஃப்ட் மாற்றமுடியவில்லை. திருச்சியிலிருந்து அம்மா தனியாக வருகிறார். "அண்ணே, அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தாண்ணே படிக்க வரும்" என்றான். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் பெரிதாக அவர் பெயரைத் தமிழில் எழுதினேன். அத்தனை வருடத்தில் நான் எழுதிய முதல் தமிழ் அட்டை.

பிடித்து நின்ற ஐந்தாவது நிமிடத்தில் துடைப்பத்தோடு வந்த துப்புரவுக்கார அம்மா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சிரித்தார். பட்டுப்புடவை கட்டிய ஒருவர் நேராக என்னிடம் வந்து, "தம்பி தமிழா? சிம் கார்டு எங்க வாங்குறது?" என்றார். அப்படி நாலைந்து பேருக்கு வழிகாட்டி ஆகிவிட்டேன்.

கடைசியில் அந்த அம்மா வந்தார். ஒல்லியான உருவம், கையில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அட்டையின் முன்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "எம்பேருக்கு மூணு சுழி வரும்ப்பா, நீ ரெண்டு சுழி போட்டிருக்க" என்றார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, பெட்டிமேல் அட்டையை வைத்து, அடித்துத் திருத்திவிட்டுத்தான் நகர்ந்தார்.

காடியில் ஏறி பெல்ட் போட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யாரு?"

அந்த வாத்தியார் இங்கே முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரை நான் சொல்லமாட்டேன்.