மோதலுக்குச் சாட்சி மணல்

அவையோருக்கு வணக்கம்.

எவரெஸ்ட்டின் உச்சிப்பாறை சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத கடலில் படிந்தது. டிரைலோபைட் என்ற அழிந்துபோன கடல் உயிரினத்தின் துணுக்குகள்கூட அதில் உண்டு. இதைச் சொன்னால் கைதட்டல் வரும். ஆனால் அங்கே கடல் இருந்தது என்பதற்கு மேல் அந்தக் கல் எதுவும் சொல்லாது. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெதிஸ் கடல் எப்போது மூடியது, இந்தியா ஆசியாவை எப்போது முட்டியது என்று கேட்க வேண்டுமானால் வேறு அடுக்குகளிடம் போக வேண்டும்.

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலாகப் பாருங்கள். முதலில் கியோட்டோ சுண்ணாம்புக்கல்: வெளிச்சம் எட்டும் ஆழத்துக் கடல். அதன் மேல் ஸ்பிதியின் கறுப்புக் களிப்பாறை: உயிர்வளி குறைந்த, அலையாடாத அடித்தளம். அதிலுள்ள உருண்டைகளை உடைத்தால் அம்மோனைட் (அழிந்துபோன கடல் உயிரி) ஓட்டின் சுருள்கள். நேபாளத்தின் காளி கண்டகியில் கிடைக்கும் சாளக்கிராமமும் இதே காலத்துக் கறுப்புப் பாறையில் பிறந்ததுதான். நம் வீட்டுப் பூஜையறைகள் பலவற்றில் ஜுராசிக் கடல் இருக்கிறது! அதற்கும் மேலே கியூமல் மணற்கல், இந்திய நிலத்திலிருந்து ஆறுகள் கொட்டிய மணல். அப்புறம் சிக்கிம் சுண்ணாம்புக்கல் (மாநிலமல்ல, ஸ்பிதியில் உள்ள ஊர்): மணல் நின்றுபோய், மிதக்கும் நுண்ணுயிர்களின் ஓடுகள் மட்டும் விழுந்த கடல்.

இப்படிப் படிப்பதில் முதல் ஆபத்து, அடுக்கு தலைகீழாகக் கிடப்பது. இமயத்தில் மடிப்புகள் கவிழ்ந்திருக்கும். ஒரே படிவுக்குள் பருமணல் அடியிலும் நுண்மணல் மேலும் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். மாறியிருந்தால் அடுக்கே கவிழ்ந்திருக்கிறது. அழுத்தத்தில் உண்டான பிளவுத் தளத்தைப் படிவுத் தளமென்று அளந்துவிடுவது அடுத்த ஆபத்து. நிறமும் மணல் அளவும் மாறும் கோட்டில்தான் சரிவை அளக்கும் கிளினோமீட்டரை வைக்க வேண்டும். சரிவில் உருண்டு கிடக்கும் அம்மோனைட்டை வைத்து வயது சொல்லவே கூடாது. அது எந்த அடுக்கிலிருந்து விழுந்ததோ! அமிலச் சோதனையிலும் கவனம் தேவை. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும்; மக்னீசியம் கலந்த அதன் உறவான டோலமைட் பொடித்தால்தான் பொங்கும்; சுண்ணாம்பு பிணைத்த மணற்கல்லும் பொங்கும்.

இனி மோதல். மடிந்த மலையைக் காட்டி மோதலுக்குத் தேதி குறிக்க முடியாது. மடிப்பு கோடிக்கணக்கான ஆண்டுகள் தொடரும். மணல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதே கேள்வி. லடாக்கின் சான்ஸ்காரில் நம்முலைட் (காசு வடிவ ஓடுள்ள ஒருசெல் கடல் உயிரி) ஓடுகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லுக்கு மேல், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், செம்மையும் பச்சையுமான மணற்படிவு வருகிறது. அதில் குரோமியம் செறிந்த ஸ்பினெல் என்ற கனிமம், எரிமலைத் துகள்கள். தெற்கிலிருந்து வந்த இந்திய மணலில் பார்த்த சரக்கல்ல இது. வடக்கே மேலெழுந்த கடலடித் தரையின் சிதைவு.

இதுவே போதுமா என்றால், போதாது. ஆசியா வந்து சேருமுன்பே இந்திய விளிம்பின் மேல் கடலடித் தரைத் துண்டொன்று ஏறியிருக்கலாம். அதிலிருந்தும் ஸ்பினெல் வரும். எனவே வயது கணிக்க உதவும் சிர்கான் என்ற கனிமத்தைத் தேட வேண்டும். சில கிலோ மணற்கல்லை நொறுக்கி, சலித்து, கன திரவத்தில் இட்டால் குவார்ட்ஸ் மிதக்கும், சிர்கான் அடியில் தங்கும். நூறு சிர்கான் மணிகளுக்கு மேல் யுரேனியம்-ஈய முறையில் (யுரேனியம் சிதைந்து ஈயமாகியிருக்கும் அளவை வைத்து) வயது பார்க்க வேண்டும். இருபதோடு நிறுத்தினால் சிறுபான்மை மணிகள் தப்பிவிடும். இந்தியச் சிர்கான் பெரும்பாலும் 48 கோடி ஆண்டைத் தாண்டியது, ஆசிய விளிம்பின் எரிமலைத் தொடரிலிருந்து வந்தது 20 கோடிக்கும் இளையது. ஆனால் கிரிட்டேசியஸ் காலத்தில் (சுமார் 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) இந்தியப் பக்கமும் எரிமலைகள் வெடித்தன. அதனால் இளைய மணியைக் கண்டதும் ஆசியா என்று குதிக்காமல், மணி எந்த மாக்மாவிலிருந்து வந்தது என்று காட்டும் ஹாஃப்னியம் ஐசோடோப்பையும் ஒப்பிடுவார்கள். ஈயம் கசிந்த மணி இளையதுபோல் நடிக்கும். ஒத்த வயதுள்ள மூன்று மணிகளாவது இல்லாமல் தேதி சொல்வது சரியல்ல.

இந்திய விளிம்பின் படிவில் ஆசியச் சிர்கான் தலைகாட்டும் முதல் அடுக்கு தென் திபெத்தின் சங்தன்லினில் சுமார் 6 கோடி ஆண்டுப் பழமையானது. அந்த இடத்தில், அதற்குள் மோதல் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். சான்ஸ்காருக்கு அதே தேதியை அப்படியே ஒட்டவைக்க முடியாது.