பாம்புத்தோல் இல்லங்க, மரப்பட்டை! ஜாகின்ஸ் மியூசியம் பாகம் 2

வணக்கம் மக்களே! போன வீடியோ தம்ப்நெயில்ல செதில் செதிலா கட்டம் போட்ட ஒரு கல்லு இருந்துச்சே, அதுக்கு கமெண்ட்ல பாதிப்பேர் ‘டைனோசர் தோல்’, மீதிப்பேர் ‘பாம்புத்தோல்’. அடப்பாவிங்களா! கனடா, நோவா ஸ்கோஷியா, ஜாகின்ஸ் பாறைக்கு வயசு சுமார் 31 கோடி வருஷம். டைனோசர் வர அதுக்கப்புறம் 7, 8 கோடி வருஷம் ஆச்சு!

அது லெபிடோடென்ட்ரான்ங்கற, அழிஞ்சுபோன மரத்துப் பட்டை. டைமண்ட் பிஸ்கட் வெட்டுவோமே, அதே கட்டம். கட்டத்துக்குள்ள இலை உதிர்ந்த தழும்பு, தழும்புல மூணு புள்ளி. நடுவுல இருக்கறது இலைக்குத் தண்ணி போன குழாய். பாம்புச் செதில்ல இந்தப் புள்ளி எங்கேர்ந்து வரும்? கட்டமெல்லாம் செங்குத்தா வரிசை கட்டி நின்னா அது சிஜில்லேரியா, அதே காலத்து இன்னொரு மரம். வட்ட வட்டக் குழியா இருந்தா ஸ்டிக்மேரியா, அதாவது இந்த மரங்களோட வேர். மேல்பட்டை உரிஞ்ச கல்லுல கட்டமே தெரியாது, அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க.

இந்த வேர் பெரும்பாலும் நிலக்கரி அடுக்குக்கு நேர் கீழ இருக்கற களிமண்ல கிடக்கும். மரம் வெள்ளத்துல அடிச்சுட்டு வரல, அங்கேயே வளர்ந்துச்சுங்கறதுக்கு அதான் சாட்சி. அது சதுப்புக்காடு. சதுப்புத் தண்ணியில ஆக்ஸிஜன் கம்மி, விழுந்த மரம் முழுசா மக்காது, பீட் ஆகும், அதாவது அரைகுறையா மக்கின அடுக்கு. மேல மண்ணு ஏற ஏற, சூட்டுல ஈரமும் வாயுவும் வெளியேறி கார்பன் கூடும். பல அடி பீட் அமுங்கினாத்தான் ஒரு அடி கரி. நம்ம நெய்வேலியில இருக்கறது பழுப்பு நிலக்கரி, பாதி வழியில நிக்குது. ஆனா ஜாரியா, ராணிகஞ்ச் கரியில இந்த மரத்தைத் தேடாதீங்க, அங்க குளோசாப்டெரிஸ்ங்கற வேற வகைத் தாவரத்தோட ராஜ்ஜியம்.

இப்ப என் ஜென்ம எதிரி: ஷோகேஸ் கண்ணாடி! நேரா நின்னு எடுத்தா ட்யூப்லைட்டும் உங்க மூஞ்சியும்தான் விழும். ஃபிளாஷ் ஆஃப். லென்ஸைக் கண்ணாடியோட ஒட்டி வைங்க, சுத்திக் கறுப்புத் துணி. ஒட்டினா ஃபோகஸ் ஆகலையா? 2எக்ஸ் போட்டு ஒரு விரல்கடை பின்னால வாங்க, துணி மட்டும் விலகக்கூடாது. வெளியில கிடக்கற கல்லுக்கு டார்ச்சைப் பக்கவாட்டுல, தரையோட தரையா பிடிங்க. நிழல் விழுந்தாத்தான் கட்டம் எழும்பும்.

அய்யோ, நின்னபடியே கல்லான மரத்தை விட்டுட்டேன்! மணல் மூடின அடிமரம், உள்ள உளுத்துப் பொந்தாகி, திரும்ப மணல் ரொம்பி அச்சாயிடுச்சு. சுமார் 20 செ.மீ. நீளமே இருந்த ஹைலோனோமஸ்ங்கற ஊர்வனவோட எலும்பு கிடைச்சது அந்த மாதிரிப் பொந்துலதான்.

கடற்கரைக்கு இறங்கறவங்க ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கற நேரம், பாருங்க. ஃபண்டி விரிகுடாத் தண்ணி பாறை அடிவரைக்கும் ஏறிடும். கல்லை மட்டும் பையில போடாதீங்க, பர்மிட் இல்லாம எடுத்தா சட்டப்படி குத்தம்.