380 ரூபா கைடுல தப்பு விடை! எறிபொருள் கணக்கும் ஒரு பேரிங் குண்டும்

வணக்கம் மக்களே, வழக்கம்போல நம்ம மொட்டைமாடிதான். போர்டு அதே பழைய போர்டு. பின்னாடி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, இது கிருஷ்ணகிரி, மாங்கா சீசன், பெங்களூரா லோடு ஏத்துன லாரி போய்க்கிட்டே இருக்கும்.

நான் இன்னைக்கு செம கடுப்புல இருக்கேன். டியூஷனுக்கு வர்ற பாப்பா ஒருத்தி பதினொண்ணாவது பிசிக்ஸ் கைடு வாங்கிட்டு வந்தா. எந்தக் கைடுன்னு சொல்லமாட்டேன். 380 ரூபா. 380! அட்டை வழவழன்னு, உள்ள கலர் கலரா படம். ஸ்கூல்ல கொடுத்த புத்தகம் காசில்லாம கையில இருக்குது. அவ அம்மா மண்டியில மாங்கா தரம்பிரிக்கப் போறாங்க, அந்தக் கூலிக் காசுங்க இது. அந்த 380-க்கு ஒரு கணக்காவது ஒழுங்கா போட்டிருக்க வேண்டாமா?

கணக்கு இதான். 15 மீட்டர் உயரக் கட்டடம். உச்சியில இருந்து பந்தை 30 டிகிரி மேல்நோக்கி எறியறோம், வேகம் செகண்டுக்கு 20 மீட்டர். ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 10-ன்னு வச்சுக்குங்க. தரையில எவ்வளவு தூரம் தள்ளி விழும்? கைடுல எடுத்த எடுப்புலயே நெடுக்கம் சூத்திரம், அதாவது கிடையா எவ்வளவு தூரம் போகும்னு சொல்ற சூத்திரம். யூ ஸ்கொயர் சைன் டூ தீட்டா பை ஜி, யூ எறியற வேகம், தீட்டா எறியற கோணம். 34.64 மீட்டர், கீழ ரெண்டு கோடு, முடிஞ்சுது.

தப்புங்க. எறிஞ்ச மட்டத்துலயே திரும்ப வந்து விழுந்தாத்தான் அந்தச் சூத்திரம் செல்லும். 34.64-ல பந்து மாடி மட்டத்துக்குத்தான் வந்திருக்கு, தரைக்கு இன்னும் 15 மீட்டர் இருக்கு. அங்கயே அந்தரத்துல நின்னுடுமா?

சூத்திரத்தைத் தள்ளி வைங்க. ரெண்டா பிரிங்க. கிடையா ஒரு கணக்கு, செங்குத்தா ஒரு கணக்கு. ரெண்டுக்கும் பொதுவானது நேரம் ஒண்ணுதான், வேற எதையும் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போகாதீங்க. ஓரத்துல மேல பிளஸ், கீழ மைனஸ்னு எழுதிக்குங்க. செங்குத்து வேகம் 20 சைன் 30, அதாவது 10. இடப்பெயர்ச்சி மைனஸ் 15. டி-ன்னா நேரம், ஜி-ல பாதி 5. அப்ப மைனஸ் 15 சமம் 10 டி மைனஸ் 5 டி ஸ்கொயர். சுருக்கினா டி ஸ்கொயர் மைனஸ் 2 டி மைனஸ் 3 சமம் 0. டி 3, இல்லன்னா மைனஸ் 1. கிடையா வேகம் 20 காஸ் 30, 17.32. அதை 3 செகண்டால பெருக்குங்க, 51.96 மீட்டர். கைடு விடையை விட சரியா 17.32 அதிகம். மாடி மட்டத்துல இருந்து தரைக்கு வர்ற அந்தக் கடைசி 1 செகண்டு இருக்கு பாருங்க, அதை அவங்க கணக்குலயே சேர்க்கல!

அந்த மைனஸ் 1-ஐயும் சும்மா அடிச்சுட்டுப் போகாதீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான். அதே வளைவைப் பின்னாடி நீட்டுனா, எறியறதுக்கு 1 செகண்டு முன்னாடி பந்து தரையில இருந்திருக்கும்னு அர்த்தம்.

கிடை வேகம் ஏன் மாறல? ஓசூர் பஸ் ஒரே வேகத்துல போகும்போது அஞ்சு ரூபா காயினை மேல சுண்டிப் பாருங்க, உங்க கையிலயே வந்து விழும். உச்சியில வேகம் பூஜ்யம்னு எழுதறவங்களுக்கும் இதான் பதில், அங்க செங்குத்து வேகம் மட்டும்தான் பூஜ்யம்.

சரி, இப்ப நல்ல விஷயத்துக்கு வர்றேன். பழையபேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில பழைய பேரிங் குண்டு ஒண்ணு கிடைச்சுது, 10 ரூபா. என்னா கனம், என்னா வழவழப்பு! வயரிங் கேசிங் பட்டியைச் சரிவா வச்சு, ஒரே மார்க்குல இருந்து குண்டை உருட்டி விட்டேன். மேஜை மேல 50 சென்டிமீட்டர் போறதை போன்ல ஸ்லோமோஷன் எடுத்தேன். செகண்டுக்கு 240 ஃப்ரேம், அதுல 80 ஃப்ரேம் ஆச்சு. அப்ப வேகம் செகண்டுக்கு 1.5 மீட்டர். மேஜை உயரம் 78 சென்டிமீட்டர். விழ 0.4 செகண்டு, விழற இடம் 60 சென்டிமீட்டர். இதுல செங்குத்து ஆரம்ப வேகம் பூஜ்யம், அங்க போய் 1.5 போட்டுடாதீங்க.

ஆங், முக்கியமானதை விட்டுட்டேன். மேஜை மட்டமா இருக்கணும், ஒரு கால் ஆடுச்சு, பேப்பரை மடிச்சுக் குடுத்திருக்கேன். அப்புறம் நான் குண்டைத் தரையில விடல, எவர்சில்வர் டம்ளர்ல விழ வைக்கணும். டம்ளர் உயரம் 10 சென்டிமீட்டர், அப்ப வாய் வரைக்கும் 68-தான் விழணும். 0.37 செகண்டு. இடம் 60 இல்ல, 56. மேஜை விளிம்புக்கு நேர் கீழ இருந்து 56 அளந்து, சாக்பீஸ்ல மார்க் போட்டு டம்ளரை வச்சேன். இந்த கிளிப்பைப் பாருங்க...

டணங்! விளிம்புலகூட படல! இன்னொரு தடவை போடறேன், சத்தத்தைக் கேளுங்க. டணங்! கலிலியோவும் சரிவுல குண்டை உருட்டி, மேஜையில இருந்து விழவிட்டுத்தான் அளந்து பார்த்தாரு. பாதை பரவளையம்னு 1638-ல வந்த புத்தகத்துல எழுதுனாரு. நம்ம கேசிங் பட்டியிலயும் அதேதான் வருது, எனக்கு நேத்து ராத்திரி தூக்கமே வரல.

டம்ளருக்குப் பதிலா சொம்பு வைக்கறவங்க அதோட உயரத்தைக் கழிச்சுக்குங்க. பிளாஸ்டிக் பந்து வேண்டாம், லேசான பந்துன்னா காத்து இழுத்துடும்.

கணக்கு ஒண்ணு தர்றேன். அதே 15 மீட்டர் கட்டடம், அதே 20 மீட்டர் வேகம், ஆனா 30 டிகிரி கீழ்நோக்கி எறியறோம். எங்க விழும்? டி-க்கு ரெண்டு விடை வரும், ரெண்டையும் எழுதுங்க, முன்னாடி வந்த 3, மைனஸ் 1 பக்கத்துல வச்சுப் பாருங்க. நெடுக்கம் சூத்திரத்துல ஆரம்பிச்சவங்களுக்கு நான் மார்க் போடமாட்டேன்.