பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு பென்டிரைவ்

[காட்சி: ஒத்தக்கடையில் ஒரு வீட்டுக் கூடம். ஸ்டூல் மேல் கறுப்பு லேப்டாப். ஜன்னலுக்கு வெளியே யானைமலை.]

வணக்கம்ங்க. இது எங்க பெரியம்மா வீடு. இந்த லேப்டாப், அக்கா காலேஜ் படிக்கிறப்ப 2015-ல வாங்குனது. ஐ3, 4 ஜிபி ராம். பெரியம்மா கரண்டு பில் கட்டுறது, பெரியப்பா தெருச் சங்கக் கணக்கு எழுதுறது எல்லாம் இதுலதான். ஆன் பண்ணிட்டு, உலை வச்சு அரிசியக் களைஞ்சு போட்டுட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

சர்வீஸுக்குக் கொண்டு போனப்ப, "இதுல விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்கிருங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஏறாதுங்கிறது உண்மைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சு. 11-க்கு டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதி மிஷின்ல வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேணும். இது அஞ்சாம் தலைமுறை. ஆனா அதுக்காகப் புதுசுதான் வாங்கணும்னு இல்லைங்க.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு 8 ஜிபி பென்டிரைவ்.]

இதுக்குள்ள இருக்கிறது லினக்ஸ் மின்ட். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்குற இன்னொரு மென்பொருள். லினக்ஸ்னு சொன்னவுடனே "அது இன்ஜினியருங்களுக்கு, நமக்கு எதுக்கு"ன்னு ஒதுங்கிடாதீங்க. 1991-ல ஹெல்சிங்கியில படிச்சுக்கிட்டு இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பிச்ச அந்த லினக்ஸ் கெர்னல், அதாவது அதோட மையப் பகுதிதான், இன்னைக்கு ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்குள்ளயும் ஓடுது. 2011-ல தமிழ்நாடு அரசு பிள்ளைங்களுக்குக் குடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கா? அதுல விண்டோஸுக்குப் பக்கத்துலயே மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்குன பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எத்தனையோ வீட்ல அதை ஒரு தடவைகூடத் திறந்து பாக்கல. காட்டிக் குடுக்க ஆள் இல்ல, அதான் காரணம். எனக்கு இன்னமும் அது வருத்தம்தான். அதனாலதான் இந்த வீடியோவே.

தமிழ்ல இதுக்கு அருமையான பேர் இருக்கு: கட்டற்ற மென்பொருள். காசு குடுக்க வேணாம்ங்கிறது அதுல ஒரு பகுதிதான். நீங்க காப்பி எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் குடுக்கலாம், பத்து மிஷின்ல போடலாம், எழுதுன நிரலைப் பிரிச்சுப் படிக்கலாம், மாத்தலாம். யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. நம்ம ஊர்ல இப்ப என்ன நடக்குது? காசு கட்டாம கிராக் போட்ட திருட்டு விண்டோஸ். அதை ஏத்துறப்ப "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க"ன்னு கேக்கும், ஆஃப் பண்ணிடுறோம். அப்புறம் அதே மிஷின்ல பேங்க் பாஸ்வேர்டைத் தட்டுறோம். இதை நினைச்சா எனக்குப் பயமா இருக்குங்க.

சரி, வேலைக்கு வருவோம். மின்ட்டோட தளத்துல எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்க, பழைய மிஷினுக்கு அதான் லேசா இருக்கும். கிட்டத்தட்ட 3 ஜிபி. ரூஃபஸ் மாதிரி ஒரு கருவியை வச்சு பென்டிரைவ்ல எழுதுங்க. அதுல முன்னாடி இருந்த ஃபோட்டோ, பாட்டு எல்லாம் அழிஞ்சிரும், முதல்லயே எடுத்து வச்சிருங்க.

[காட்சி: பெரியம்மாவின் விரல் எஃப்12 கீ மேல்.]

ஆன் பண்ணுனவுடனே இந்த கீயைத் தட்டிக்கிட்டே இருங்க. சில கம்பெனியில எஃப்9, சிலதுல எஸ்கேப். ஒரு பட்டியல் வரும், பென்டிரைவைத் தேர்ந்தெடுங்க.

[காட்சி: மின்ட் முகப்பு திறக்கிறது.]

இங்க கொஞ்சம் நில்லுங்க. இதான் நான் ரொம்ப விரும்புற இடம். இப்ப நீங்க பாக்குறது எதுவும் ஹார்ட் டிஸ்க்ல ஏறல. பென்டிரைவ்ல இருந்து ராமுக்கு வந்து ஓடிக்கிட்டு இருக்கு. புடவைக்கடையில எடுத்துத் தோள்ல போட்டுப் பாக்குற மாதிரிதான். வைஃபை கனெக்ட் பண்ணுங்க. ஃபயர்ஃபாக்ஸ்ல யூடியூப் போட்டு சத்தம் கேக்குதான்னு பாருங்க. கேமரா, பிரின்டர், எல்லாத்தையும் சோதிங்க. பென்டிரைவ்ல இருந்து ஓடுறதால கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும். பிடிக்கலையா, ஷட்டவுன் பண்ணி பென்டிரைவைப் பிடுங்கிருங்க. உங்க பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

பெரியம்மா செஞ்ச முதல் காரியம், மெனுவைத் திறந்து தேடுனாங்க. "தம்பி, இங்கயும் இடது மூலையிலதான் இருக்கு." அவ்வளவுதான், பாதி பயம் போச்சு.

யாருக்கு ஒத்து வராதுன்னும் சொல்லிடுறேன். டேலியில கணக்குப் போடுற கடைக்காரங்க, போட்டோஷாப், கோரல் டிராவுல ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்றவங்க, ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வச்சிருக்கவங்க விண்டோஸை விட்டுறாதீங்க. வேணும்னா ரெண்டையும் ஒரே மிஷின்ல வச்சுக்கலாம். சில லேசர் பிரின்டருக்கு டிரைவர் கிடைக்கிறது சிரமம், அதையும் பென்டிரைவ் சோதனையிலயே தெரிஞ்சுக்கலாம்.

ஏத்துறதுன்னு முடிவு பண்ணுனா, ஃபோட்டோ, டாக்குமென்ட் எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல எடுத்து வைங்க. "டிஸ்கை அழி"ங்கிற வழியில போனா எதுவும் மிஞ்சாது. முடிஞ்சா பழைய ஹார்ட் டிஸ்கை மாத்தி அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்ணு போடுங்க. பெரியம்மா மிஷின்ல மாத்துனோம். இப்ப அரிசி களையப் போக நேரமில்ல, அதுக்குள்ள திரை வந்துருது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு.

கடைசியா தமிழ்ல அடிக்கிறது. ஐபஸ்-எம்17என்னு ஒரு பேக்கேஜ் இருக்கு. அதைப் போட்டா தமிழ்99, பொனெடிக், டைப்ரைட்டர் மூணு முறையும் கிடைக்கும். பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்டுல அடிச்ச ஃபைல் இருந்தா, அந்த ஃபான்ட்டையும் இதுல ஏத்திக்கிட்டா வேர்டு மாதிரியான லிப்ரே ஆபிஸ்ல திறந்து படிக்கலாம்.

[காட்சி: பெரியப்பா லேப்டாப் முன்னால். கண்ணாடியைச் சரி செய்கிறார்.]

பெரியப்பா இளவயசுல சிம்மக்கல்ல ஒரு இன்ஸ்டிட்யூட்ல தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணுனவர். இத்தனை வருஷமா கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கணும்னா அக்காவைக் கூப்பிடுவார். டைப்ரைட்டர் முறையைத் தேர்ந்தெடுத்து லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வச்சேன். கீயைப் பாக்கவே இல்லைங்க. 'தெருச் சங்க வரவு செலவு'ன்னு ஒரே மூச்சுல அடிச்சு முடிச்சுட்டு, "இதையும் இப்பவே பிரின்ட் எடுத்துரலாமா?"ன்னு கேட்டார்.

[காட்சி: பிரின்டரிலிருந்து தாள் வெளியே வருகிறது.]