தட்டில் ஒரு கிழ மரம்

நேயர்களுக்கு வணக்கம். போன்சாய், அதாவது மரத்தைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் கலை, காட்டிப் பேச வேண்டிய சமாச்சாரம். வானொலியில் அதற்கு வழியில்லை. அதனால் மனசுக்குள் ஒரு மரத்தை வைத்துக்கொள்ளுங்கள். முழ உயரத்தில் ஓர் ஆலங்கன்று. அதற்குத் தட்டுப்போல ஆழமில்லாத தொட்டி.

ஆரம்பத்தில் மரத்தைக் குட்டையாக வெட்டி வைத்தால் போன்சாய் ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் ஜப்பானியர் வகுத்த விதிகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம்வரை கிளையே கூடாது. ஒரே மட்டத்தில் எதிரெதிராக இரண்டு கிளைகள் ஆகாது. தொட்டியின் ஆழம் அடிமரத்தின் தடிமன் அளவுக்கு இருந்தால் போதும். மரத்துக்குக்கூடவா இலக்கணம் என்று சிரித்தேன்.

ஒருநாள் வயதான பெரிய மரம் ஒன்றின் அடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. இளமரத்தின் கிளைகள் மேல்நோக்கிப் போகும். கிழ மரத்தின் கிளைகள் பாரம் தாங்காமல் தாழும். அடியில் வேர்கள் புடைத்து நாலாபுறமும் மண்ணைப் பிடித்திருக்கும். ஜப்பானியில் அதற்கு நெபாரி என்று பெயர். எதிரெதிர்க் கிளைகளை விட்டால் அந்த இடத்தில் தண்டு வீங்கிவிடும். மேலே போகப்போக மெலிந்து வரும் அழகு போய்விடும். ஆக, முதுமை மரத்தில் எப்படித் தெரிகிறது என்று கவனித்தவர்களின் குறிப்புகள்தான் பெரும்பாலான விதிகள். நாம் சின்ன மரத்துக்குக் கிழவேஷம் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

வேஷம் தேவைப்படாத மரமும் உண்டு. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்திடம் இருந்த ஒரு வெள்ளை பைன், 1625 முதல் தொட்டியில் வளர்வது. 1945 ஆகஸ்ட் 6 அன்று சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி அணுகுண்டு விழுந்தது. சுற்றுச்சுவர் மறைத்ததால் மரம் தப்பித்தது. 1976-ல் அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது வாஷிங்டனில் அதைப் பராமரித்தவர்களுக்கு 2001-ல் யமாகியின் பேரப்பிள்ளைகள் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

சரி, நம் ஆலங்கன்றுக்கு வருவோம். முதல் கிளையைத் தாழ்த்த அலுமினியக் கம்பி சுற்றினேன். துளிர்க்கும் காலத்தில் கிளை மளமளவென்று பருக்கும். வாரத்துக்கொரு முறையாவது பார்க்க வேண்டும். மூன்று வாரம் மறந்துவிட்டேன். கம்பி பட்டைக்குள் பதிந்துவிட்டது. துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டியதை, கம்பி வீணாகிறதே என்ற கஞ்சத்தனத்தில் பிரித்து எடுக்கப் போனேன். மடக்கென்று சத்தம். கையில் கம்பியோடு கிளையும் வந்துவிட்டது.

ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரமாக இருந்தால் மிஞ்சிய கட்டையின் பட்டையை உரித்து வெளுக்க விட்டு, 'ஜின்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆலில் அது நிற்காது, உளுத்துப்போகும். ஒட்ட நறுக்கி, பசை பூசிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் காயத்துக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரு துளிர். மூன்றில் ஒரு பங்குக்கு ரொம்பவே கீழே. விதிப்படி கிள்ள வேண்டும். கத்தரியை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போனேன். இப்போது அதில் ஏழு இலை இருக்கிறது.