நான்கு மீட்டர் நடை

நேயர்களுக்கு வணக்கம்.

‘தள்ளாத வயது’ என்று நாம் எல்லா முதியவர்களையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் தள்ளாமை என்பது முதுமைக்கு இன்னொரு பெயர் அன்று. 85 வயதிலும் படியேறி இறங்குபவர் உண்டு. 68 வயதிலேயே நாற்காலியின் இரு கைகளையும் ஊன்றி, எழ முயன்று, முடியாமல் மறுபடி அமர்ந்து, மூச்சை நிதானித்துக்கொண்டு இரண்டாம் முறை எழுபவரும் உண்டு. பல உறுப்புகளின் தாங்கும் சக்தி ஒருசேரக் குறைந்து, சிறிய நோய் வந்தாலும் பழைய நிலைக்கு மீள இயலாத நிலையைத்தான் மருத்துவர்களாகிய நாங்கள் தள்ளாமை என்கிறோம். அத்தகையவருக்குச் சாதாரணச் சிறுநீர்த் தொற்று வந்தாலே மனம் குழம்பி, இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்து, இடுப்பெலும்பு முறியக்கூடும். மருத்துவமனைப் பதிவேட்டில் எலும்பு முறிவு இடம்பெறும். அதற்குக் காரணமான தள்ளாமை பெரும்பாலும் இடம்பெறாது.

2001ஆம் ஆண்டில் அமெரிக்க முதியோர் நல ஆய்வாளர் லிண்டா ஃபிரீட் குழுவினர் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: முயலாமலே எடை குறைதல், ஓயாத அயர்ச்சி, கைப்பிடி வலுவிழத்தல், நடை தளர்தல், நடமாட்டம் சுருங்குதல். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் முன்னிலை. கருவி எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. நான்கு மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி, ஐந்து நொடிக்கு மேல் ஆகிறதா என்று பார்த்தால் போதும். முழங்கால் வலிக்காரர்களும் இதில் சிக்குவார்கள் என்பதால் இதை முடிவாகக் கொள்ளாமல் முதல் சல்லடையாகவே கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 2017 முதல் 65 வயது கடந்தோரிடையே தள்ளாமையைக் கண்டறிவது குடும்ப மருத்துவர்களின் ஒப்பந்தக் கடமை. இதற்கு உதவும் ‘மின்னணுத் தள்ளாமைக் குறியீடு’ என்னும் கணினிக் கணக்கீடு, நோயாளியின் பதிவேட்டிலிருந்து 36 வகைக் குறைபாடுகளைத் தேடி எண்ணுகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் மருத்துவரிடம் வந்தவருக்குத்தானே பதிவேடு நிரம்பும்?

என் கவலை இங்கேதான். தள்ளாமை உடையோர் மருத்துவமனையில் அதிகம் சேர்கிறார்கள், அதிக நாள் தங்குகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அதைக் கொண்டு, மருத்துவரிடம் வராதவர் நலமாக இருக்கிறார் என்று கணக்குப் போடுவது தவறு. அழைத்துப்போக ஆளில்லாதவரும், காத்திருப்பு வரிசையில் நிற்க முடியாதவரும், ‘வயதானால் இப்படித்தான்’ என்று தம்மையே சமாதானப்படுத்திக்கொண்டவரும் பதிவேட்டில் வெற்றுப் பக்கமாகவே இருப்பார்கள். அவர்களுடைய முதல் வருகை பல வேளைகளில் ஆம்புலன்சில்தான் நிகழ்கிறது. ஆகவே, வீடு தேடிச் செல்லும் செவிலியரும், மாத்திரை வாங்க வராதவரைக் கவனிக்கும் மருந்துக் கடைக்காரரும், விரலில் மோதிரம் கழன்று சுழல்வதைப் பார்க்கும் மகளுமே கணினியைவிட முன்னதாகக் கண்டுகொள்வார்கள்.

மறுபுறம், இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று பல மருத்துவர்களிடம் அலைபவருக்கும் முழு ஆளைப் பார்ப்பவர் எவருமில்லை. தலைசுற்றலுக்கென எழுதப்படும் புதிய மாத்திரை, பழைய இரத்த அழுத்த மாத்திரையின் விளைவுக்கே மருந்தாகிவிடுவதுண்டு. அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், கண்சொட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் சென்று அவர் மேசைமேல் கொட்டுங்கள். அதன்பின் பெரியவரை நான்கு மீட்டர் நடக்கச் சொல்லிப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.