மேல் படிக்குக் கூடிய வீதம்: வருமான வரியின் நியாயம்

(கிளிநொச்சியில் கமக்காரரும் ஆசிரியர்களும் வியாபாரிகளும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

தண்ணீர் திறக்க முன்னம் வயல் வாய்க்காலைத் துப்புரவாக்கும் வேலையை எப்படிப் பங்கு பிரிப்பது என்பது உங்களுக்குத் தெரியும். பத்து ஏக்கர் செய்கிறவரும் ஒன்றரை ஏக்கர் செய்கிறவரும் ஒரே நீளம் வெட்ட வேண்டும் என்று சொன்னால் கூட்டத்தில் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காணிக்கு ஏற்ற பங்கு என்பதே நியாயம். ஆனால் இந்த நியாயத்தையே எடுத்துக்காட்டிச் சிலர் கேட்கிறார்கள்: “ஏக்கருக்கு இவ்வளவு என்பது எல்லாருக்கும் ஒரே வீதம்தானே? வருமான வரியையும் அப்படி ஒரே வீதத்தில் வாங்கினால் என்ன? கூட உழைக்கிறவனுக்குக் கூடிய வீதம் போடுவது தண்டனை இல்லையா?”

நல்ல கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

வாய்க்கால் வேலை, கிடைக்கும் தண்ணீருக்கு ஈடாகச் செய்வது. கூட ஏக்கருக்குக் கூடத் தண்ணீர், கூட வேலை. வரி அப்படி ஈடாகக் கொடுப்பதல்ல. முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிறவர், தான் கட்டிய வரிக்கு அளந்து வாங்குவதில்லை. வரி என்பது ஒரு வீட்டின் கொடுக்கும் சக்தியிலிருந்து எடுப்பது. அந்தச் சக்தி வருமானத்தின் முதல் ரூபாயில் தொடங்குவதில்லை. சோறு, உடுப்பு, மருந்து, பிள்ளையின் படிப்பு, அடுத்த போகத்துக்கான விதைநெல் எல்லாம் போன பிறகுதான் தொடங்குகிறது.

நெல்லிலேயே பார்ப்போம். கணக்குக்காக ஏக்கருக்கு 20 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏக்கர்க்காரருக்கு 40 மூட்டை. உழவு, உரம், மருந்து, அறுவடை மெசின் என்று 24 மூட்டையின் பெறுமதி போகிறது. ஐந்து பேர் வீட்டுக்கு வருடச் சாப்பாடு 12 மூட்டை. விதைக்கு 2. மிச்சம் 2. இவரிடம் பத்தில் ஒன்று என்று 4 மூட்டை கேட்டால், மிச்சத்தை முழுதாகக் கொடுத்து, சாப்பாட்டிலோ விதையிலோ இன்னும் இரண்டு மூட்டை எடுக்க வேண்டும். ஐம்பது ஏக்கர்க்காரரிடமும் அதே பத்தில் ஒன்றுதான், 100 மூட்டை. அவருக்கு அது இலாபத்தில் ஒரு குறைவு. சாப்பாட்டுத் தட்டில் ஒரு பருக்கையும் குறையாது. வீதம் ஒன்றுதான், வலி ஒன்றல்ல.

இது கற்பனைக் கணக்கு. ஆனால் இந்த நாட்டில் உண்மையில் நடந்த கதை. பிரித்தானியர் காலத் தானிய வரி பெரும்பாலும் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. 1880களில் வலப்பனைப் பகுதியில் அந்த வரியைக் கட்ட முடியாத சிறு கமக்காரரின் வயல்கள் ஏலத்தில் போயின. கடைசியில் 1892இல் ஆளுநர் ஹவ்லொக் காலத்தில் அது நீக்கப்பட்டது. அதற்கும் முந்திய 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் இன்னும் கொடியது: 18 முதல் 55 வயது வரையான ஆண் ஒவ்வொருவரும் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது 3 ஷில்லிங் கட்ட வேண்டும். கூலிக்காரனுக்கும் தோட்டத் துரைக்கும் ஒரே 3 ஷில்லிங். அந்த வருடக் கிளர்ச்சிக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். வருமானத்தைப் பார்த்து அறவிடும் வரி இலங்கைக்கு 1932இல்தான் வந்தது. தலைக்கு ஒரே தொகையும் விளைச்சலில் ஒரே பங்கும் தந்த காயத்தைப் பார்த்தால், சக்தியைப் பார்த்துக் கூடும் வீதம் ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

இப்போது நடப்பில் உள்ள கணக்குக்கு வருவோம். 2025 ஏப்ரல் 1 முதல், வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை, அதாவது மாதம் 1,50,000 வரை, வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 30. மிகுதி எவ்வளவானாலும் 36. இந்த ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு படி என்று சொல்வோம்.

இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. சம்பளம் கூடி அடுத்த படிக்குப் போனால் முழுச் சம்பளத்துக்கும் கூடிய வீதம் விழும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. மேல் வயல் நிரம்பி, வரம்பில் வெட்டிய வக்கடையால் அடுத்த வயலுக்குத் தண்ணீர் பாய்வதை நினையுங்கள். கீழே போன தண்ணீரால் மேல் வயலில் நின்ற தண்ணீர் குறைவதில்லை. அந்தந்தப் படிக்குள் விழுந்த காசுக்குத்தான் அந்தந்த வீதம்.

மாதம் 2,30,000 எடுக்கிறவரின் வரி 4,800 ரூபா. சம்பளம் 2,40,000 ஆகிறது, 6 சதவீதப் படியைத் தாண்டி 18 சதவீதப் படிக்குள் போகிறார். வரி 6,200. பத்தாயிரம் கூடியதில் 1,400 வரிக்குப் போய் 8,600 கைக்கு வருகிறது. படி தாண்டியதால் கைக்காசு குறைந்தவர் இந்த முறையில் ஒருவரும் இருக்க முடியாது. போனஸ் வந்த மாதத்தில் பிடிப்பு பெரிதாகத் தெரியும். அந்த ஒரு மாதச் சீட்டைப் பார்த்து, பதவி உயர்வே வேண்டாம் என்று முடிவெடுப்பது கணக்குத் தெரியாமல் செய்கிற நட்டம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாதம் 2 இலட்சம் எடுக்கிறவர் கட்டுவது 3,000. முழுச் சம்பளத்தில் ஒன்றரை சதவீதம். 3 இலட்சத்துக்கு 18,500, ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். 5 இலட்சத்துக்கு 86,000, அதாவது 17.2 சதவீதம். 10 இலட்சத்துக்கு 2,66,000, அதாவது 26.6 சதவீதம். “எனக்கு 36 சதவீத வரி” என்று சொல்கிற ஒருவர்கூட முழு வருமானத்தில் 36 சதவீதம் கட்டுவதில்லை.

சரி, இதே காசை ஒரே வீதத்தில் திரட்டினால் என்ன ஆகும்? ஐந்து பேரை எடுப்போம். மாத வருமானம் முறையே 60,000, 1 இலட்சம், 2 இலட்சம், 3 இலட்சம், 10 இலட்சம். இன்றைய முறையில் முதல் இருவரிடமும் ஒன்றும் இல்லை. மற்ற மூவரிடமும் சேர்த்து 2,87,500 ரூபா. அதே தொகை வர, ஐவருக்கும் ஒரே வீதம் 17.3 சதவீதமாக இருக்க வேண்டும். அப்போது 60,000க்காரர் ஏறத்தாழ 10,400 கட்டுவார். ஒரு இலட்சக்காரர் 17,300. இரண்டு இலட்சக்காரரின் 3,000 ஏறத்தாழ 34,600 ஆகும், மூன்று இலட்சக்காரரின் 18,500 ஏறத்தாழ 52,000 ஆகும். பத்து இலட்சக்காரருக்கு மட்டும் 2,66,000 இறங்கி 1,73,200 ஆகும். ஐவரில் நால்வருக்குக் கூடி ஒருவருக்குக் குறைகிறது. “எல்லாருக்கும் ஒரே வீதம்” என்ற அழகான சொல்லுக்குள் இருக்கும் கணக்கு இதுதான். அந்த 60,000 ரூபா வீட்டில் 10,400 என்பது பால்மாவும் பஸ் காசும்.

வரியே கட்டாதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்களைப் பற்றி இப்போது கதைக்க வேண்டும். வருமான வரிக் கோப்பு இல்லாத வீடு, வரி கட்டாத வீடு அல்ல. பெறுமதி சேர் வரி, நாம் வற் என்று சொல்வது, 2022 ஜூனில் 8இலிருந்து 12 ஆனது. அதே வருடம் செப்டெம்பரில் 15. 2024 ஜனவரி 1 முதல் 18. மேற்சொன்ன 60,000 ரூபா வீடு அதில் 20,000ஐ வற் விழும் சாமான்களுக்குச் செலவழிக்கிறது என்று வைப்போம்: சவர்க்காரம், காஸ், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், போன் ரீலோட். 118 ரூபா விலையில் 18 ரூபா வரி என்ற கணக்கில் அந்த வீடு 3,050 ரூபா கட்டுகிறது. 2 இலட்சம் சம்பளக்காரரின் வருமான வரி 3,000 என்று பார்த்தோம். அவருக்கும் வற் உண்டு என்பது வேறு. ஆனாலும் 60,000இல் 3,050 என்பது ஐந்து சதவீதம். 5 இலட்சம் வருமானமுள்ள வீடு அதே வகைச் சாமானுக்கு 80,000 செலவழித்தாலும் வற் 12,200 ரூபாதான், இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. சந்தியில் உள்ள சின்னக் கடைக்காரர் வற்றுக்குப் பதிவில்லாதவராக இருக்கலாம். அப்போது இந்தத் தொகை சற்றுக் குறையும், ஆனால் மறையாது. இறக்குமதியாளரும் மொத்த வியாபாரியும் கட்டியது விலைக்குள்ளேயே இருக்கும்.

கமக்காரருக்கு இதிலும் ஒரு தனி இடி இருக்கிறது. 2024 முதல் டீசலுக்கும் வற் உண்டு. பதிவுள்ள கம்பனி தான் வாங்கிய பொருளில் கட்டிய வற்றை, தான் விற்ற பொருளில் அறவிட்ட வற்றிலிருந்து கழித்துக்கொள்ளும். இதுதான் வற்றின் அடிப்படை முறை. கமக்காரர் நெல்லை வற் இல்லாமல் விற்கிறார். ஆகவே கழிக்க அவருக்கு வழியில்லை. இரண்டு உழவு, பலகையடிப்பு, நெல் ஏற்றல் எல்லாவற்றிலும் எரிந்த டீசலின் வற் அவர் தலையிலேயே நிற்கிறது. “நெல்லுக்கு வரிவிலக்கு” என்று அறிவிப்பதைக் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

வருமானம் கூடக் கூட வீதமும் கூடும் இந்த ஏறுவீதத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவே முதற் காரணம். பொருள் மீதான வரி தானாகவே ஏழை மேல் பாரமாகச் சாயும். அதை நிமிர்த்த நம்மிடம் உள்ள பெரிய கருவி வருமான வரியின் படிகள்தான்.

இதே மூன்று இலட்சம் சம்பளத்தைக் கொண்டு அண்மை வரலாற்றையும் படிக்கலாம். 2020 தொடக்கத்தில் வரியில்லா எல்லை மாதம் இரண்டரை இலட்சத்துக்கு உயர்ந்தது, உச்ச வீதம் 18 ஆக இறங்கியது. அப்போது அந்தச் சம்பளத்துக்கு வரி மாதம் 3,000. வற்றும் 15இலிருந்து 8க்கு இறக்கப்பட்டிருந்தது. அரசின் வருமானம் சரிந்தது. வேறு காரணங்களும் சேர்ந்து 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தது. அந்தப் பணவீக்கமும் ஒரு வரிதான், படியே இல்லாத வரி. 2023 ஜனவரியில் எல்லை ஒரு இலட்சத்துக்கு இறங்கியது, அதே சம்பளத்துக்கு வரி 35,000 ஆனது. மூன்று ஆயிரம் ஒரேயடியாக முப்பத்தைந்து ஆயிரமாகும்போது வீட்டுக் கடன் எடுத்திருந்த வைத்தியரும் விரிவுரையாளரும் வீதிக்கு வந்ததில் வியப்பில்லை. இன்று 18,500.

வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போவதற்கு வரியும் ஒரு காரணம் என்பதை நான் மறுக்க மாட்டேன். வன்னியின் ஆஸ்பத்திரிகளில் நிபுணர் ஒருவர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வர எவ்வளவு காலம் எடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கு மருந்து, படிகளை உடைத்து ஒரே வீதம் ஆக்குவதல்ல. பிழை படிகளின் அமைப்பில் இருக்கிறது. 6க்கு அடுத்த படி 18. நடுவில் இருந்த 12 சதவீதப் படி எடுபட்டுவிட்டது. அடுத்தடுத்த படிகள் ஐந்து ஐந்து இலட்சமாக நெருங்கி, மாதம் 3,58,333 ரூபாவில் 36 வந்துவிடுகிறது. அதற்கு மேல் படியே இல்லை. மூன்று இலட்சத்து அறுபதாயிரம் எடுக்கும் வைத்தியருக்கும் முப்பத்தாறு இலட்சம் எடுக்கும் கம்பனித் தலைவருக்கும் கடைசி ரூபாயில் ஒரே வீதம். ஏணி நெருக்கமாகத் தொடங்கி நடுவிலேயே முடிந்துபோனால் ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கும். போதாதற்கு, படிகளின் எல்லை ரூபாவில் அசையாமல் நிற்கிறது. விலைவாசிக்காகச் சம்பளம் கூடினால், வாங்கும் சக்தி கூடாமலே ஒருவர் மேல் படிக்குத் தள்ளப்படுகிறார். எல்லைகளைப் பணவீக்கத்தோடு சேர்த்து உயர்த்தும் விதி சட்டத்தில் இருக்க வேண்டும்.

இதைவிட எனக்கு மனம் கொதிக்கும் இடம் ஒன்று உண்டு. வங்கியில் வேலை செய்யும் ஒருவரின் மூன்று இலட்சத்தில் 18,500 ரூபா சம்பளம் கைக்கு வரமுன்னமே பிடிபடுகிறது. டிப்பர் ஓட்டியோ கட்டடம் வாடகைக்கு விட்டோ அதே மூன்று இலட்சத்தைக் காசாக எடுக்கிறவர் கோப்பே திறக்காமல் இருக்கிறார். ஒரே சக்தியுள்ள இருவரிடம் ஒருவரை மட்டும் பிடிக்கும் முறை, எத்தனை படி வைத்தாலும் நியாயமாகாது. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். சொந்தத் தொழில்காரர் தானாகவே ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணையில் கட்டி, வரிக்கணக்கு ஆண்டான மதிப்பீட்டு ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள், வருமானக் கணக்கைக் காட்டும் விவரத்திரட்டு கொடுக்க வேண்டும். இரண்டு இடத்தில் சம்பளம் எடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: வரியில்லா 18 இலட்சம் ஆளுக்கு ஒரு முறைதான். இரண்டாவது இடத்திலும் அதைக் கழித்தால் வருட முடிவில் கடன் நிற்கும்.

மறுபக்கத்தில், கட்டத் தேவையில்லாதவர் கட்டுவதும் நடக்கிறது. நிலையான வைப்பு வட்டியில் வங்கி 2025 ஏப்ரலிலிருந்து 10 சதவீதம் பிடிக்கிறது. மாதம் 20,000 வட்டியில் சீவிக்கும் ஒரு கைம்பெண்ணுக்கு 2,000 போகிறது. கோடி வைப்பு உள்ளவருக்கும் வங்கியில் அதே 10தான். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் அதற்கான சுயபிரகடனத்தை வங்கியில் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். தெரியாமல் விட்டதனால் காசை இழப்பவர்கள் பெரும்பாலும் வயது போனவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் நீங்களே படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். முன்னமே பிடிபட்டதை விவரத்திரட்டு கொடுத்துத் திருப்பிக் கேட்கலாம்.

கேள்வி நேரத்தில், “உங்களிடம் விட்டால் எதை முதலில் மாற்றுவீர்கள்?” என்று ஒரு கமக்காரர் கேட்டார். முதலில் கமத்துக்கு எரியும் டீசலின் வற்றைக் கமக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கும் வழி. அடுத்தது 6க்கும் 18க்கும் நடுவில் 5 இலட்சத்துக்கு ஒரு 12 சதவீதப் படி. மாதம் இரண்டரை இலட்சம் எடுக்கிறவரின் வரி அதனால் 8,000இலிருந்து 7,000 ஆகும். அந்தக் குறைவை ஈடுசெய்ய, மாதம் பத்து இலட்சத்துக்கு மேலே இன்னொரு படி. அங்கே இன்று ஒரு படியும் இல்லை.